அலாய் வீல் மாற்றப் போகிறீர்களா? அகலமும் ஆஃப்செட்டும்: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை மதியம் நின்று பார்த்தால், ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். வாங்கி ஓரிரு வருடமான டர்போ கார் ஒன்று கடை வாசலில் வந்து நிற்கும். உரிமையாளர் இறங்கி, சுவரில் மாட்டியிருக்கும் அலாய் வீல்களில் ஒன்றைக் காட்டி, "இது என் வண்டிக்கு ஃபிட் ஆகுமா?" என்று கேட்பார். கடைக்காரர் போல்ட் துளைகளைப் பார்த்துவிட்டு, "ஆகும் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பார்.

அந்தப் பதில் பொய் இல்லை. வீல் மாட்டும், வண்டியும் ஓடும். கோரமங்களாவுக்குள் தனியாக ஓட்டும்வரை எதுவும் தெரியாது. பொங்கலுக்கு ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஊருக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி தாண்டி, ஒரு பால இணைப்பில் கார் அமுங்கி எழும்போதுதான் பின்பக்கத்திலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஃபெண்டரின் உள்விளிம்பு டயரைச் சீவும் சத்தம் அது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த டயர்தான் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

'ஃபிட் ஆகுமா' என்ற ஒரே கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் அதிகம் குழப்புபவை இரண்டு: வீலின் அகலம், ஆஃப்செட். நல்ல செய்தி என்னவென்றால், இரண்டுமே பள்ளிக்கூடக் கழித்தல், கூட்டல்தான். போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

சுருக்கமாக

• ஆஃப்செட் எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போகும்.
• அகலம் அரை இஞ்ச் கூடினால், ஆஃப்செட் மாறாத வரை, வீல் இரண்டு பக்கமும் 6.35 மி.மீ. வளரும்.
• வீலுக்கு ஒரு கணக்கு, டயருக்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் போட வேண்டும்.
• அகலமான வீல் என்பதாலேயே கார் வேகமாகிவிடாது. மழையிலும் குழியிலும் அதற்கு விலை உண்டு.
• உற்பத்தியாளர் சொன்ன அளவிலிருந்து விலகினால் சட்டமும் இன்ஷூரன்ஸும் குறுக்கே வரலாம்.

வீலின் பின்னால் எழுதியிருப்பது என்ன?

கழற்றிய வீலைத் திருப்பிப் பார்த்தால், ஸ்போக்கின் பின்புறத்திலோ ஹப் அருகிலோ சில எழுத்துகளும் எண்களும் வார்க்கப்பட்டிருக்கும். உதாரணமாக: '6ஜே x 16, இடி 40'.

இதில் 16 என்பது வீலின் விட்டம், இஞ்ச் கணக்கில். 6 என்பது அகலம், அதுவும் இஞ்சில்தான். ஜே என்பது டயர் உட்காரும் விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. அகலத்தை அளப்பது டயரின் விளிம்பு உட்காரும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்தில் அது உட்காரும் இடம் வரை. வீலின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் அதிகமாக வரும். 7 இஞ்ச் வீலை 8 இஞ்ச் என்று நினைத்து ஏமாறுவது இப்படித்தான்.

இடி 40 என்பது ஆஃப்செட். ஜெர்மன் மொழியில் 'ஐன்பிரெஸ்டீஃபெ' என்ற சொல்லின் சுருக்கம். இது மட்டும் மில்லிமீட்டரில் இருக்கும். ஒரே வீலில் இஞ்சும் மில்லிமீட்டரும் கலந்திருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஆஃப்செட் என்றால்?

வீலை ஒரு பெரிய வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்துக்குச் சரிநடுவில் ஒரு கோடு போடுங்கள். இப்போது அந்த வீல் காரின் ஹப்பில் எந்த முகத்தை ஒட்டி உட்காருகிறது என்று பாருங்கள். நடுக்கோட்டுக்கும் அந்த முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட்.

உட்காரும் முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கம், அதாவது நாம் தெருவில் நின்று பார்க்கும் பக்கம் இருந்தால், அது பாசிட்டிவ் ஆஃப்செட். வீலின் பெரும்பகுதி காருக்குள்ளே ஒளிந்திருக்கும். இன்றைய முன்சக்கர டிரைவ் கார்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். முகம் சரியாக நடுக்கோட்டில் இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். உள்பக்கம் இருந்தால் நெகட்டிவ். அகல டயரோடு ஃபெண்டரைத் தாண்டி நிற்கும் ஆஃப்ரோடு ஜீப்புகளில் இதைப் பார்க்கலாம்.

ஆகவே இடி 45-லிருந்து இடி 35-க்கு மாறினால், வேறு எதுவும் மாறாத வரை, வீல் 10 மி.மீ. வெளியே வரும். எண் குறைகிறது, வீல் வெளியேறுகிறது. இது தலைகீழாகத் தோன்றும். இதைத்தான் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, கணக்கு போடுவோம்

இரண்டே சூத்திரங்கள். 1 இஞ்ச் என்பது 25.4 மி.மீ.

வெளிப்பக்க நீட்சி = (அகலத்தில் பாதி) கழித்தல் (ஆஃப்செட்)
உள்பக்க நீட்சி = (அகலத்தில் பாதி) கூட்டல் (ஆஃப்செட்)

உங்கள் காரில் இப்போது இருப்பது 6ஜே, இடி 40 என்று வைத்துக்கொள்வோம். 6 இஞ்ச் என்பது 152.4 மி.மீ.; பாதி 76.2. அப்படியானால் வெளிப்பக்கம் 36.2 மி.மீ., உள்பக்கம் 116.2 மி.மீ.

கடைக்காரர் காட்டுவது 7.5ஜே, இடி 35. பாதி அகலம் 95.25. வெளிப்பக்கம் 60.25, உள்பக்கம் 130.25.

வித்தியாசம்: வெளியே 24 மி.மீ., உள்ளே 14 மி.மீ. "ஆஃப்செட் அஞ்சு மில்லிதான் சார் வித்தியாசம்" என்று கடையில் சொல்வது உண்மைதான். ஆனால் வீலின் விளிம்பு ஏறக்குறைய ஒரு இஞ்ச் வெளியே வந்துவிடுகிறது. மீதி 19 மி.மீ. வந்தது அகலத்திலிருந்து.

அதே பழைய வீலோடு இன்னும் சில தேர்வுகளை ஒப்பிடலாம்:

• 7ஜே, இடி 38: வெளியே 14.7 மி.மீ. கூடும், உள்ளே 10.7 மி.மீ. கூடும்.
• 7ஜே, இடி 45: வெளியே 7.7, உள்ளே 17.7.
• 8ஜே, இடி 35: வெளியே 30.4, உள்ளே 20.4.
• 8ஜே, இடி 20: வெளியே 45.4, உள்ளே 5.4.

கடைசி வரியைக் கவனியுங்கள். உள்பக்கம் இடிக்கக்கூடாது என்று ஆஃப்செட்டைக் குறைத்தால், அந்த அகலம் எங்காவது போயாக வேண்டும். அது ஃபெண்டருக்கு வெளியே போகிறது. இரண்டு சுவருக்கு நடுவே கட்டில் போடுகிற கதைதான்: கட்டில் பெரிதானால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு சுவர் இடிக்கும்.

உள்பக்கம் என்ன இருக்கிறது? முன்சக்கரத்தில் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், ஸ்பிரிங் தட்டு, பிரேக் ஹோஸ். பின்சக்கரத்தில் வீல் வெல்லின் உள்சுவர், சஸ்பென்ஷன் பாகங்கள். வெளிப்பக்கம் ஃபெண்டர் விளிம்பும் பம்பரின் முனையும். முன்சக்கரம் திரும்பவும் செய்யும் என்பதால், நேராக நிற்கும்போது இருக்கும் இடைவெளி ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது இருக்காது.

டயர் கணக்கு தனி

வீல் விளிம்பு 24 மி.மீ. வெளியே வந்தால் டயரும் 24 மி.மீ. வெளியே வருமா? வராது. ஃபெண்டரில் உரசுவது பெரும்பாலும் டயர்தான் என்பதால், இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டயரில் 205 என்று எழுதியிருந்தாலும், அதன் உண்மையான அகலம் எந்த வீலில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஓர் அளவீட்டு ரிம் உண்டு. ரிம் அரை இஞ்ச் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும், குறைந்தால் அதே அளவு சுருங்கும். 205/55 ஆர்16 டயர் தன் அளவீட்டு ரிம்மான 6.5 இஞ்சில் 214 மி.மீ. அகலம். 6 இஞ்ச் வீலில் சுமார் 209.

இடி 40-ல் அந்த டயரின் வெளிப்பக்கம்: 104.5 கழித்தல் 40, அதாவது 64.5 மி.மீ. இப்போது 7.5ஜே, இடி 35 வீலில் 225/45 ஆர்17 டயர் போட்டால், அதன் அகலம் 225, வெளிப்பக்கம் 112.5 கழித்தல் 35, அதாவது 77.5. வித்தியாசம் 13 மி.மீ. வீல் விளிம்பு 24 நகர்ந்தாலும் டயரின் பக்கச்சுவர் 13 மட்டுமே நகர்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே வீலை வைத்துக்கொண்டு டயரை மட்டும் 20 மி.மீ. அகலமாக்கினால், வீல் கணக்கு பூஜ்யம் காட்டும். டயரோ ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. வளர்ந்திருக்கும். அதனால்தான் இரண்டு கணக்கும் வேண்டும்.

எந்த ரிம்முக்கு எந்த டயர் என்பதற்கும் எல்லை இருக்கிறது. உலகெங்கும் டயர் நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணைப்படி:

• 185/60 ஆர்15: 5 முதல் 6.5 இஞ்ச் வரை
• 195/55 ஆர்16: 5.5 முதல் 7 வரை
• 205/55 ஆர்16: 5.5 முதல் 7.5 வரை
• 215/45 ஆர்17: 7 முதல் 8 வரை
• 225/45 ஆர்17: 7 முதல் 8.5 வரை
• 225/40 ஆர்18: 7.5 முதல் 9 வரை

இந்த எல்லையின் நடுவில் இருந்தால் டயர் அதன் வடிவமைப்பின்படி வேலை செய்யும். குறுகிய டயரை அகல வீலில் இழுத்து மாட்டும் 'ஸ்ட்ரெட்ச்' பாணியில் பக்கச்சுவர் சரிந்து நிற்கும்; வீலின் விளிம்பைக் காப்பாற்ற ரப்பர் இருக்காது. சில்க் போர்டு பக்கத்தில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகாத அழகு.

அகலம் கூடினால் கிரிப் கூடுமா?

கூடும், ஆனால் நினைக்கிற விதத்தில் இல்லை. டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய அதன் மேல் இருக்கும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. எடையும் அழுத்தமும் மாறாவிட்டால் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். குறுகிய டயரில் நீளமான தடம். அகல டயரில் குட்டையான, அகலமான தடம். வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க இந்த இரண்டாவது வடிவம் உதவுகிறது. ஸ்டீயரிங் திருப்பினால் கார் சீக்கிரம் பதில் சொல்லும். நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போது வெப்பத்தைச் சமாளிப்பதும் எளிது.

விலை? தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். மே மாத மழையில் அவுட்டர் ரிங் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உருளும் எதிர்ப்பு கூடும்போது மைலேஜ் குறையும். பக்கச்சுவர் குட்டையாகும்போது குழியில் வீல் நெளியும் வாய்ப்பு கூடும். 205/55 டயரின் பக்கச்சுவர் உயரம் 112.75 மி.மீ.; 225/45-ல் 101.25, 225/40-ல் 90 மட்டுமே.

'பெர்ஃபார்மன்ஸ் என்றால் பெரிய வீல்' என்ற எண்ணத்தை உடைக்க ரேலியைப் பாருங்கள். உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் ஒரே கார், தார்ச்சாலையில் 18 இஞ்ச் வீலோடும், மண்சாலையில் 15 இஞ்ச் வீலோடும் ஓடுகிறது. மண்ணிலும் கல்லிலும் தடித்த பக்கச்சுவர்தான் காப்பாற்றும் என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியும். பெங்களூருவின் கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 ரேலியைப் பார்க்கப் போனால், கார்களின் வீல் எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள். ஃபார்முலா ஒன் கார்களே 2021 வரை 13 இஞ்ச் வீலில்தான் ஓடின. 2022-ல்தான் 18-க்கு மாறின.

ஸ்டீயரிங்கில் என்ன மாறும்?

முன்சக்கரம் திரும்புவதற்கு ஒரு கற்பனை அச்சு இருக்கிறது. மேலே ஸ்ட்ரட்டிலிருந்து கீழே பால் ஜாயின்ட் வழியாக அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தடத்தின் நடுவுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இருக்கும். இதற்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். கார் நிறுவனம் நிறைய யோசித்து முடிவு செய்யும் எண்களில் இதுவும் ஒன்று.

பல முன்சக்கர டிரைவ் கார்களில் இந்த எண் நெகட்டிவாக இருக்கும்படி வைப்பார்கள். 1972-ல் வந்த ஆடி 80 இதைப் பிரபலமாக்கியது. காரணம் பாதுகாப்பு. ஒரு பக்கச் சக்கரம் மணலிலோ தண்ணீரிலோ இருந்து, மறுபக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். நெகட்டிவ் ஸ்க்ரப் ரேடியஸ் அந்த இழுப்புக்கு எதிர்த்திசையில் சக்கரத்தைத் தானாகவே லேசாகத் திருப்பும்.

ஆஃப்செட்டை 15 மி.மீ. குறைத்தால், இந்த எண்ணும் 15 மி.மீ. பாசிட்டிவ் பக்கம் நகர்கிறது. நிறுவனம் வைத்த பாதுகாப்பு கரைகிறது. டர்போ கார் என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்டீயரிங் கையில் இழுப்பது கூடலாம். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டீயரிங்கில் தெரியும். கூடவே, வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையும் அதிகமாகும்; சஸ்பென்ஷன் ஸ்பிரிங் கொஞ்சம் மென்மையானது போலவும் நடந்துகொள்ளும். 5 மி.மீ. மாற்றத்தை உணர முடியாமல் போகலாம். 20 மி.மீ. என்பது வேறு கார்.

டிராக் அகலம் கூடுவதால் வளைவில் நிலைத்தன்மை கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கவனிக்க வேண்டும்: டிராக் அகலத்தை மாற்றுவது ஆஃப்செட் மட்டுமே. நம் உதாரணத்தில் 40-லிருந்து 35 என்றால், டிராக் மொத்தம் 10 மி.மீ.தான் கூடுகிறது. பார்வைக்கு ஃபெண்டர் நிரம்பியிருப்பது வேறு, டிராக் கூடியிருப்பது வேறு.

துளை பொருந்தினால் போதுமா?

போதாது. மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது பி.சி.டி. போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஃபோக்ஸ்வாகன் போலோ, விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவற்றில் 5x100, ஆக்டேவியாவில் 5x112, ஹூண்டாய் ஐ20-யில் 4x100. 5x100-க்கும் 5x112-க்கும் துளை எண்ணிக்கை ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் பொருந்துவது போலத்தான் தெரியும்.

இரண்டாவது சென்டர் போர். வீலின் நடுத்துளை. போலோ, விர்டஸ் ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் 73.1 போன்ற பெரிய துளையோடு வரும். நடுவில் ஹப் ரிங் போடாமல் மாட்டினால், வீல் சரியான மையத்தில் உட்காராமல், 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். பலரும் இதற்கு மூன்று முறை வீல் பேலன்ஸிங் செய்துவிட்டுத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்றாவது போல்ட்டின் உட்காரும் வடிவம். ஃபோக்ஸ்வாகன் போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டை வடிவம். ஹோண்டா நட்டும் உருண்டைதான். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவம். கூம்புக் குழியில் உருண்டை போல்ட்டைப் போட்டு இறுக்கினால் இறுகியது போல இருக்கும். தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. சில நூறு கிலோமீட்டரில் தளரும். இது உரசல் சத்தம் போல எச்சரிக்கை தராது; வீல் கழன்று போகக்கூடிய விஷயம்.

ஸ்பேசர் போட்டால்?

ஸ்பேசரின் தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழித்துவிடுங்கள். இடி 45 வீலில் 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால், அது இடி 30 வீலுக்குச் சமம். பி.சி.டி.யை மாற்றும் அடாப்டருக்கும் இதே கணக்குதான். ஸ்பேசர் போடும்போது போல்ட்டும் அந்தத் தடிமன் அளவுக்கு நீளமாக வேண்டும். இல்லாவிட்டால் நாலைந்து சுற்று மரையில்தான் மொத்தக் காரும் தொங்கும். ஹப்பில் இறுக்கமாக உட்காரும் ரகத்தைத் தவிர மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

எடை, தாங்கும் திறன்

வீலில் கூடும் எடை, காருக்குள் கூடும் எடையைப் போன்றதல்ல. அது சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிறது, சுழலவும் செய்கிறது. குழியில் மேலே எழும்பிய சக்கரம் திரும்பத் தரையைத் தொட நேரமாகும். ஆக்சிலரேஷனும் பிரேக்கும் கொஞ்சம் மந்தமாகும். வார்ப்பு முறையில் செய்த பெரிய வீல், அதைவிடச் சின்னதான நிறுவன வீலைவிடக் கனமாக இருப்பது சகஜம். ஃப்ளோ ஃபார்மிங், ஃபோர்ஜிங் முறைகளில் எடை குறையும், விலை ஏறும். கடையில் ஒரு தராசு கேட்டு இரண்டையும் நிறுத்துப் பாருங்கள்.

வீலின் பின்னால் கிலோ கணக்கில் அதன் தாங்கும் திறனும் பொறித்திருக்க வேண்டும். காரின் ஒரு அச்சுக்கான அதிகபட்ச எடையில் பாதியைவிட அது குறையக்கூடாது. ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகள் சோதனையைக் குறிப்பவை. ஆனால் வார்ப்பிலேயே போலியாகப் போடவும் முடியும் என்பதால், முத்திரையோடு தயாரிப்பாளரின் பெயரும் பில்லும் முக்கியம்.

டயருக்கும் இதே கேள்வி உண்டு. 205/55 ஆர்16 டயரில் வழக்கமாக வரும் 91 என்ற லோடு இண்டெக்ஸ் 615 கிலோவைக் குறிக்கிறது. 215/45 ஆர்17-ல் சாதாரண ரகம் 87, அதாவது 545 கிலோ. டயருக்கு 70 கிலோ குறைகிறது. அந்த அளவில் 91 என்று எழுதிய எக்ஸ்.எல். ரகத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ஏற்கவில்லை.

அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆர்.சி.யில் பொதுவாக வீல் அகலமும் ஆஃப்செட்டும் இருக்காது. ஆகவே அலாய் வீல் மாற்றிய எல்லோரும் குற்றவாளிகள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஃபெண்டரைத் தாண்டி நிற்கும் வீலோடு போலீஸிடம் வாதாடுவது கடினம். விபத்து நடந்து, மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தது தெரிந்தால், கிளெய்ம் சிக்கலாகலாம். சஸ்பென்ஷன், பேரிங் வாரண்டிக்கும் இதே கதி வரலாம். பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும், அதே மாடலின் வேறு வேரியன்ட்டுகளுக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் அளவுகளுக்குள் நிற்பது.

ஒரு காரை எடுத்துப் பார்ப்போம்

2022-ல் வந்த விர்டஸ் ஜி.டி.: 1.5 லிட்டர் டர்போ, 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர், 205/55 ஆர்16 டயர். வெளி விட்டம் 631.9 மி.மீ. ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் இந்த எண்ணை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. அதனால் புதிய டயரின் விட்டம் 2 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது.

• 205/50 ஆர்17: 636.8 மி.மீ., 0.8% அதிகம்
• 225/45 ஆர்17: 634.3 மி.மீ., 0.4% அதிகம்
• 225/40 ஆர்18: 637.2 மி.மீ., 0.8% அதிகம்
• 215/50 ஆர்17: 646.8 மி.மீ., 2.4% அதிகம்

கடைசி அளவில் மீட்டர் 100 காட்டும்போது, முன்பு 100 காட்டியபோது ஓடியதைவிட 2.4% வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். 18 இஞ்சில் விட்டம் சரியாக வந்தாலும், பக்கச்சுவர் 90 மி.மீ. மட்டுமே.

வாரநாளில் ஆபீஸ், வாரக்கடைசியில் நந்தி ஹில்ஸ், மாதம் ஒருமுறை ஊர் என்று ஓட்டுகிறவருக்கு, அதே 16 இஞ்சிலேயே எடை குறைந்த வீலும் தரமான டயரும் போடுவதே பல நேரம் பெரிய மாற்றம். 17 இஞ்ச் கட்டாயம் வேண்டுமென்றால் 7 இஞ்ச் அகலம், நிறுவன ஆஃப்செட்டிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் நிற்பது நல்லது. 8 இஞ்ச் அகலம் எல்லாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தனியாக ஓட்டப்போகிறவரின் கணக்கு. அங்கே பின் சீட்டில் யாரும் உட்காரப் போவதில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

1. என் காரில் இப்போதிருக்கும் வீலைக் கழற்றி, பின்னால் எழுதியதைப் படித்தேனா? இணையத்தில் பார்த்த எண் வேறு நாட்டு மாடலுடையதாக இருக்கலாம்.
2. புதிய வீலின் அகலம், ஆஃப்செட், பி.சி.டி., சென்டர் போர், தாங்கும் திறன் ஆகிய ஐந்தும் எழுதியிருக்கிறதா? ஆஃப்செட் எழுதாத வீலை வாங்க வேண்டாம்.
3. வெளி, உள் நீட்சியை இரண்டு வீலுக்கும், இரண்டு டயருக்கும் போட்டுப் பார்த்தேனா?
4. டயர் மாட்டாத வெறும் வீலை முதலில் ஹப்பில் மாட்டி, ஸ்போக்கின் பின்புறம் பிரேக் கேலிப்பரில் படவில்லை என்று பார்த்தேனா?
5. டயர் மாட்டிய பின், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்தேனா?
6. பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பார்த்தேனா? கடைப்பையன்களே உட்காருவார்கள்; கேட்டால் போதும்.
7. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார்களா? 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டும்.
8. உரசினால் டயரையும் வீலையும் மாற்றிக் கொடுப்பீர்களா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டேனா?

ஆறாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதில்லை. காலியான காரில், கடை வாசலில், நேராக நிற்கும் சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். கார் அப்படி நிற்பது ஷோரூமிலும் புகைப்படத்திலும் மட்டும்தான். அம்மா அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஊருக்குப் போகும் நாளுக்கும் சேர்த்துத்தான் வீல் வாங்க வேண்டும். அதற்கான கணக்கு, பார்த்தீர்களே, இரண்டே வரி.